நீரைக் கிழித்து ஓடும் படகுகள்: புதியவர்களுக்கும் இடம் உண்டு



ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குப் போகும் சாலையில் பயணம் செய்கிறவர்கள் சுல்தான் அபு பாக்கார் ஏரியைப் பார்க்காமல் போக முடியாது. தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பெரிய நீர்ப்பரப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஏரிதான். தொலைக்காட்சியில் விசைப்படகுப் பந்தயத்தைப் பார்க்கிற பிள்ளை அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்கிறது. "அப்பா, இப்படிப் படகு ஓட்ட நாமும் போகலாமா?" பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில், "அதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்பதுதான்.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி, எவ்வளவு தூரம் தவறு என்பதை இன்றைய பேச்சில் நாம் பார்க்கலாம். இந்த விளையாட்டில் பணம் கொட்டும் மேல்தட்டு ஒன்று இருக்கிறது. சிறுவர்களும் சாதாரணக் குடும்பத்தாரும் சேரும் கீழ்ப்படி ஒன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகள் காலை வைக்க வேண்டியது அந்தக் கீழ்ப்படியில். எந்த வரிசையில் கற்றுக்கொண்டால் ஆபத்தில்லாமல் மேலே ஏறலாம் என்பதே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

முதலில், வெளிப்பொருத்து இயந்திரம் என்றால் என்ன? கப்பலிலும் பெரிய படகிலும் இயந்திரம் உடலுக்குள்ளே இருக்கும். சிறு படகில் அப்படியில்லை. இயந்திரம், கியர், உந்துவிசிறி ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக, படகின் பின்பலகையில் வெளியே மாட்டப்பட்டிருக்கும். திருகைத் தளர்த்தினால் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். மலாய்க்காரர்கள் இதை 'எஞ்சின் சங்குட்' என்று சொல்வார்கள். மாட்டித் தொங்கவிட்ட இயந்திரம் என்று பொருள். ஒரு சொல்லிலே முழு விளக்கமும் வந்துவிட்டது பாருங்கள்.

இதைத் திசைதிருப்பத் தனிச் சுக்கான் தேவையில்லை. இயந்திரத்தையே இடமும் வலமும் திருப்பினால் விசிறி தள்ளும் திசை மாறும், படகும் திரும்பும்.

இந்த இயந்திரத்தின் வரலாறு நூறு ஆண்டுகளைக் கடந்தது. அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்ற சட்டக்கல்லூரி மாணவர் 1905ஆம் ஆண்டிலே இப்படி ஓர் இயந்திரத்தைப் படகில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். நம் மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் 1885ஆம் ஆண்டில் இங்கே அளவெடுக்க வந்த நில அளவையாளர். இவர் வேறு, அவர் வேறு. பெயர் மட்டும் ஒத்துப்போகிறது. பிறகு நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓல் எவின்ரூட் என்ற பட்டறைக்காரர் 1909ஆம் ஆண்டில் தம் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைச்சக்தி. எடை ஏறத்தாழ 28 கிலோ. எவின்ரூட் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பட்டறைகளில் வேலை செய்து இயந்திரத் தொழிலைக் கற்றவர். இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

மீன்பிடிக்கவும் ஆற்றைக் கடக்கவும் சாமான் ஏற்றவும் பிறந்த இயந்திரம் இது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்துக் கடற்கரையிலும் கேரளக் கரையிலும் 1980ஆம் ஆண்டுகளில் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் இது பரவியது. துடுப்பும் பாயும் கொண்டு போன மீனவர்கள் மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து இயந்திரத்தை மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். நம் நாட்டிலும் டாப்பா வழியாக மலையிறங்கிப் பாகான் டத்தோ, பங்கோர் பக்கம் போனால், மீனவர் படகின் பின்னாலெல்லாம் இந்த இயந்திரம் தொங்குவதைக் காணலாம்.

இரண்டு பேரிடம் இரண்டு வண்டி இருந்தால், எது வேகம் என்ற கேள்வி வராமல் இருக்குமா? படகிலும் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் விசைப்படகுச் சங்கம் 1903ஆம் ஆண்டிலேயே தோன்றியது. உலக அளவில் விதிகளை வகுக்கும் அனைத்துலக விசைப்படகு ஒன்றியம் 1922ஆம் ஆண்டில் பிறந்தது. ஒரே அளவுப் படகு ஒரே அளவு இயந்திரத்தோடுதான் போட்டியிட வேண்டும் என்ற ஒழுங்கு இப்படித்தான் வளர்ந்தது.

நம் நாட்டில் இதற்கு உறவான ஒரு பழைய மரபு சரவாக்கில் இருக்கிறது. பாராம் ஆற்றங்கரையில் உள்ள மாருடி என்ற ஊரில் 1899ஆம் ஆண்டில் ஒரு படகுப் போட்டி நடந்தது. அக்காலத்தில் அப்பகுதி இனக்குழுக்களிடையே பகையும் தலைவேட்டையும் இருந்தன. சண்டைக்கு மாற்றாக வலிமையைப் படகில் காட்டுங்கள் என்று எல்லாக் குழுக்களையும் ஒன்று கூட்டினார் சார்ல்ஸ் ஹோஸ் என்ற அதிகாரி. அதிலிருந்து வளர்ந்ததுதான் பாராம் ரெகட்டா. அன்று துடுப்பு மட்டுமே. அண்மைக் காலத்தில் துடுப்புப் போட்டியோடு வெளிப்பொருத்து இயந்திரம் மாட்டிய படகுகளின் போட்டியும் அங்கே நடக்கிறது. அதில் ஓட்டுகிறவர்கள் அந்த ஆற்றையே சாலையாகக் கொண்டு வாழ்கிற மக்கள். வாரம் முழுவதும் சாமான் ஏற்றும் அதே கைகள் போட்டி நாளில் பந்தயம் ஓட்டுகின்றன.

இனி, இந்த விளையாட்டின் படிக்கட்டைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

கீழ்ப்படியில் சிறுவர் வகுப்புகள் உள்ளன. அமெரிக்கச் சங்கத்தில் 9 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே ஒரு வகுப்பு இருக்கிறது. அதன் இயந்திரத்தில் காற்று செல்லும் வழியைச் சுருக்கி வேகத்தைக் கட்டுப்படுத்திவிடுவார்கள். ஐரோப்பாவில் ஜி.டி. 15 என்று ஒரு சிறுவர் வகுப்பு. அதில் மாட்டுவது 15 குதிரைச்சக்தி இயந்திரம். ஆற்று மீனவர் படகில் மாட்டுகிற அதே அளவுதான். அதற்கு மேல் 30 குதிரைச்சக்தி வகுப்பு. அதற்கும் மேல் 60 குதிரைச்சக்தி கொண்ட பார்முலா 4 வகுப்பு.

உச்சியில் இருப்பது பார்முலா 1 விசைப்படகுப் போட்டி. இது 1981ஆம் ஆண்டில் தொடங்கியது. அதில் நீண்ட காலம் பயன்பட்டது ஆறு உருளைகள் கொண்ட, ஏறத்தாழ 400 குதிரைச்சக்தி இயந்திரம். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் படகுகள் அவை. இந்தப் போட்டி 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆந்திர மாநிலத்தின் அமராவதியில், கிருஷ்ணா நதியில் நடந்தது. நார்வே நாட்டு வீராங்கனை மாரிட் ஸ்ட்ரோமோய் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஷார்ஜாவில் நடந்த பந்தயத்தில் ஆண்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலில் வந்தார். பார்முலா 1 பந்தயம் ஒன்றை வென்ற முதல் பெண் அவர்தான். இந்த விளையாட்டில் ஆணுக்கு ஒரு பந்தயம், பெண்ணுக்கு ஒரு பந்தயம் என்று பிரிப்பதில்லை. தண்ணீருக்கு ஆண், பெண் தெரியாது அல்லவா? ஆகவே தம்பிகளுக்குச் சொல்வதெல்லாம் தங்கைகளுக்கும் சேர்த்துத்தான்.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது உச்சிப்படி. அதைப் பார்த்துவிட்டு, "நமக்கு எட்டாது" என்று சொல்வது, தென்னையின் உச்சியை மட்டும் பார்த்துவிட்டு ஏற முடியாது என்று சொல்வதைப் போன்றது. ஏறுகிறவன் அடிமரத்தில்தானே காலை வைக்கிறான்?

சரி, 15 குதிரைச்சக்தியில் ஒரு படகு எப்படிப் பந்தயம் ஓடுகிறது? இதில் கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது. பயப்பட வேண்டாம், எளிதுதான்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. மெதுவாகப் போகும் படகு அந்தத் தண்ணீரை விலக்கிக்கொண்டே போக வேண்டும். அதனால் வேகம் எடுக்காது. ஆனால் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஒரு மாற்றம் நடக்கிறது. தட்டையான அடிப்பாகத்தைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு எழும்பி நீரின் மேல் வழுக்கத் தொடங்குகிறது. குளத்தில் தட்டைக்கல்லைச் சாய்த்து வீசினால் அது தத்தித் தத்திப் போகிறது அல்லவா? அதே தத்துவம். தண்ணீரில் படும் பரப்புக் குறைந்ததும் தடை குறைகிறது. வேகம் கூடுகிறது. பந்தயப் படகைச் சிறியதாகவும் எடை குறைவாகவும் கட்டுவது இதற்காகத்தான். பல நாடுகளில் தொடக்க வகுப்புப் படகுகளை ஒட்டுப்பலகை கொண்டு வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது உந்துவிசிறி. ஒரு திருகாணியை மரத்தில் திருகினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உள்ளே போகிறது. விசிறியும் அப்படித்தான் தண்ணீரில் திருகிக்கொண்டு முன்னேறுகிறது. ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதை அங்குலத்தில் குறிப்பார்கள். அதைப் புரியிடை என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இயந்திரம் நிமிடத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றுகிறது. கியர் அதைப் பாதியாகக் குறைக்கிறது. ஆக விசிறி 2,750 சுற்று. புரியிடை 10 அங்குலம் என்றால் நிமிடத்துக்கு 27,500 அங்குலம். அதாவது மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். தண்ணீர் மரம் போலக் கெட்டியாக இல்லாததால் விசிறி கொஞ்சம் வழுக்கும். ஆகவே உண்மை வேகம் இதைவிடச் சற்றுக் குறையும். திறந்த சிறு படகில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே குனிந்திருந்து அந்த வேகத்தில் போகிறவருக்கு அது நூறு கிலோமீட்டர் போலத் தோன்றும்.

இப்போது நம் மலைக்கே உரிய ஒரு பாடம். ரிங்லெட் ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,070 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. இயந்திரத்துக்குப் பெட்ரோல் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். பொதுவாக 300 மீட்டர் ஏறினால் இயந்திரத்தின் ஆற்றலில் நூற்றுக்கு மூன்று பங்கு குறையும் என்பது கணக்கு. அப்படியானால் கடற்கரையில் 15 குதிரைச்சக்தி தந்த இயந்திரம் ரிங்லெட்டில் பதின்மூன்றரை அளவுதான் தரும். சாதாரண இயந்திரத்தில் பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைவதால் கரும்புகையும் வரலாம். இதற்குப் பரிகாரம் என்ன? பெட்ரோல் செல்லும் ஊசித்துளையைச் சிறியதாக மாற்ற வேண்டும். விசிறியில் புரியிடை ஓர் அங்குலம் குறைந்ததைப் போட்டு இயந்திரத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். மலையேறும் லாரிக்காரர் கியரைக் குறைப்பதைப் போலத்தான் இதுவும்.

தேயிலை மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிய பாஷை அல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போகிற தேயிலை வெட்டும் இயந்திரத்தை அறியாத தோட்டக் குடும்பம் உண்டா? முதுகில் மாட்டும் மருந்து தெளிக்கும் இயந்திரமும் நமக்குத் தெரியும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் 'டூ ஸ்ட்ரோக்' இயந்திரத்துக்குக் கலவை பிசகினால் என்ன நடக்கும், தீப்பொறிச் செருகி கறுத்தால் என்ன காரணம் என்பதெல்லாம் நம் தோட்டத்து அண்ணன்மார்களுக்கு அனுபவப் பாடம். பழைய வெளிப்பொருத்து இயந்திரங்கள் பலவும் இதே இனத்தைச் சேர்ந்தவை. 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி லிட்டர் என்பது பலவற்றுக்குப் பொருந்தும் அளவு. புதிய 'போர் ஸ்ட்ரோக்' வகைக்குக் கலவை தேவையில்லை. இயந்திர அறிவு என்ற பாதிப் பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மீதிப் பாதி தண்ணீர்.

பந்தயம் எப்படி நடக்கிறது? ஏரியிலோ ஆற்றிலோ மிதவைகளைக் கட்டி ஒரு சுற்றுப்பாதை அமைப்பார்கள். படகுகள் பெரும்பாலும் இடப்பக்கமாகத் திரும்பிச் சுற்றும். தொடக்கம் இரு வகைப்படும். ஒன்று, எல்லாப் படகுகளும் மிதவை மேடையில் வரிசையாக நின்று, சைகை கிடைத்ததும் புறப்படுவது. மற்றொன்று கடிகாரத் தொடக்கம். படகுக்குப் பிரேக் கிடையாது. காற்றிலும் நீரோட்டத்திலும் ஓரிடத்தில் நிற்காது. ஆகவே ஓடிக்கொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது. கரையில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கும். அதன் முள் பூச்சியத்தைத் தொடும்போது கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் தவறு. ஒரு நொடி பிந்தினால் மற்றவர்கள் கிளப்பும் நீர்த்தூறல் முகத்தில் அடிக்கும். இதற்கு வேண்டியது பணமும் பெரிய இயந்திரமும் அல்ல. கண் கணக்கு, பொறுமை, பழக்கம் ஆகிய மூன்றும்தான்.

திருப்பத்தில் இன்னொருவர் தடத்தை மறிக்கக்கூடாது. உள்பக்கம் வந்துவிட்டவருக்கு இடம் விட வேண்டும். மஞ்சள் கொடி ஆபத்தைக் குறிக்கும்; அப்போது முந்தக்கூடாது. சிவப்புக் கொடி பந்தயம் நிறுத்தப்பட்டதைக் குறிக்கும். கறுப்புக் கொடி காட்டப்பட்டவர் வெளியேற வேண்டும். கட்டம் போட்ட கொடி முடிவு. கொடியை மதிக்காதவன் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அவனுக்குக் கரையில்தான் இடம்.

இனி, பெற்றோர் கேட்க விரும்பும் பகுதிக்கு வருவோம். இதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. மறைத்துப் பேசுவது நேயர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அலையில் தூக்கி எறியப்படலாம். வேகமாகப் போகும்போது படகின் முன்பாகம் தூக்கிக்கொண்டால் அடியில் காற்றுப் புகுந்து, காற்றாடியைப் போலப் பின்பக்கமாகப் புரட்டிவிடும். இதனால்தான் சிறு பந்தயப் படகில் ஓட்டுகிறவர் வசதியாகச் சாய்ந்து உட்காருவதில்லை. முழங்காலிட்டு முன்னால் குனிந்து, தம் உடல் எடையால் படகின் மூக்கை அழுத்திக்கொள்கிறார்.

ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு காப்பு கண்டுபிடித்திருக்கிறார்கள். முதலாவது, உயிர்காப்புச் சட்டை. இரண்டாவது, பளிச்சென்ற நிறத்தில் தலைக்கவசம். தண்ணீரில் விழுந்து கிடப்பவரை மற்றப் படகுக்காரர்கள் தூரத்திலேயே பார்க்க வேண்டும் அல்லவா? மூன்றாவது, விசிறி பட்டாலும் கையையும் காலையும் காக்கும் வெட்டுத்தாங்கும் உடை. நான்காவது, நிறுத்துக்கயிறு. அதன் ஒரு முனை ஓட்டுகிறவர் உடலில், மறுமுனை இயந்திரத்தின் சாவியில். ஆள் விழுந்தால் கயிறு சாவியை இழுத்துவிடும். இயந்திரம் உடனே நிற்கும். ஐந்தாவது, கையை விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும் வேகப்பிடி.

பெரிய வகுப்புகளில் ஓட்டுகிறவர் மூடிய கூண்டுக்குள் வாரால் கட்டப்பட்டிருப்பார். அவர்களுக்கு ஆமைச் சோதனை என்று ஒன்று உண்டு. மாதிரிக் கூண்டில் கட்டி, நீச்சல் குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பதறாமல் வாரை அவிழ்த்து வெளியே வர வேண்டும். அதில் தேறாதவருக்குப் பந்தயத்தில் அனுமதி கிடையாது. சிறு திறந்த படகில் வார் கட்டுவதில்லை. விழுந்தால் படகைவிட்டு விலகி விழுவதே நல்லது என்பது அங்கே விதி.

இவ்வளவு காப்பும் முறைப்படி நடக்கும் போட்டியில்தான் இருக்கும். காப்புப் படகு, மருத்துவ உதவி, கொடி காட்டும் அதிகாரிகள் எல்லாம் அங்கே தயாராக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளைஞர்கள் இரவல் படகை எடுத்துக்கொண்டு, "வா, யார் முந்துவது பார்க்கலாம்" என்று கிளம்புவது பந்தயம் ஆகாது. அது உயிரோடு விளையாடுவது.

இந்த இடத்தில் நம் ரிங்லெட் ஏரியைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பார்க்க அமைதியாக இருந்தாலும் அது இயற்கை ஏரி அல்ல. பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963ஆம் ஆண்டில் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம். தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழியாக இங்கே கொண்டுவரப்படுகிறது. ஏரி நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கி, ஜோரில் பூமிக்கு அடியில் உள்ள மின் நிலையத்தில் மின்சாரமாகிறது. நீர் உள்ளே இழுக்கப்படும் வாயும், வெள்ளக் காலத்தில் திறக்கும் மதகும் அங்கே இருக்கின்றன. மலைச்சரிவுகளில் நிலம் திறந்துவிடப்பட்டதால் மண் கரைந்து வந்து ஏரியின் பெரும்பகுதியில் சேறு படிந்திருக்கிறது. ஆழமென்று நினைத்த இடத்தில் முழங்கால் அளவே நீர் இருக்கலாம். மேலே மரக்கட்டைகளும் குப்பையும் மிதந்து வரலாம். வேகமாகச் சுற்றும் விசிறி ஒரு கட்டையில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில், கனத்த மழைக்குப் பிறகு அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளும் வாகனங்களும் சேதமாகி உயிர்களும் பலியாயின. அந்தத் துயரத்தை நம் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழி இந்த ஏரிக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. அணையை நடத்தும் தெனாகா நேஷனல் நிறுவனத்தின் அனுமதியில்லாமல் அதில் யாரும் படகு இறக்கக்கூடாது, நீந்தவும் கூடாது. நம் பிள்ளைகள் பந்தயம் பழக வேண்டிய இடம் இது அல்ல.

அப்படியானால் எங்கே, எப்படித் தொடங்குவது? ஐந்து படிகளைச் சொல்கிறோம்.

முதற்படி, நீச்சல். நம் தோட்டப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. மலைப்பகுதியில் அதைக் கற்க வாய்ப்பும் குறைவு. பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் பட்டணம் போகும்போது, பயிற்சியாளர் இருக்கும் குளத்தில் பழக விடுங்கள். பந்தயம் ஓட்டாவிட்டாலும் இந்த ஒரு கல்வி உயிர் காக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்காப்புச் சட்டையை விடக்கூடாது. குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறும், கைகால் சோர்ந்துபோகும்.

இரண்டாவது படி, இயந்திரம். ஒரு வெளிப்பொருத்து இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த இடத்தில் கொஞ்ச நாள் கூடமாட வேலை செய்ய வேண்டும். கடற்கரை ஊர்களில் அத்தகைய பட்டறைகள் உண்டு. இதில் ஒரு பெரிய இலாபம் இருக்கிறது. பந்தயத்தில் ஒருவர்தான் முதலில் வருவார். ஆனால் இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு மீனவர் ஊரிலும் சுற்றுலாத் தீவிலும் என்றும் வேலை உண்டு. விளையாட்டாகத் தொடங்கியது தொழிலாக முடியலாம்.

மூன்றாவது படி, உதவியாளராகச் சேர்வது. எந்தப் போட்டிக்கும் படகு ஓட்டுகிறவர் மட்டும் போதாது. படகைத் தூக்கி நீரில் இறக்க நான்கு பேர் வேண்டும். சுற்றுகளை எண்ணவும், நேரம் குறிக்கவும், மிதவை கட்டவும் ஆள் வேண்டும். போட்டி நடக்கும் இடத்துக்குப் போய், "நாங்கள் உதவலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் மிகக் குறைவு. ஒரு பருவம் கரையில் நின்று கவனித்தவன், முதல் நாளே படகில் ஏறியவனைவிட நன்றாக ஓட்டுவான்.

நான்காவது படி, பழைய சிறு இயந்திரத்தில் பழகுவது. தொடக்கத்திலேயே புதியது வாங்கக் கடன் படாதீர்கள். மெதுவாக ஓட்டவும், திருப்பவும், கரை சேர்க்கவும், நிறுத்தவும் கற்ற பிறகே வேகம். படகுக்கும் ஓட்டுகிறவருக்கும் என்ன பதிவு, என்ன உரிமம் தேவை என்பதை உரிய இலாகாவில் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாவது படி, முதல் போட்டி. அதில் வெல்ல வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம். கொடிகளை மதித்து, யாருக்கும் இடையூறு இல்லாமல், எல்லாச் சுற்றையும் முடித்துக் கரை சேர்வதே முதல் போட்டியின் வெற்றி. பழையவர்களும் புதியவர் வந்தால் கேலி செய்யாமல் இடம் கொடுக்க வேண்டும். புதியவர் வராத விளையாட்டு சிறிது காலத்தில் ஆளில்லாமல் போய்விடும். கைகொடுத்துத் தூக்கிவிடுவது பழையவர்களுக்கே நன்மை.

செலவைப் பற்றியும் பேசிவிடுவோம். தனி ஒருவர் படகு, இயந்திரம், தலைக்கவசம், பெட்ரோல் என்று எல்லாவற்றையும் வாங்குவது தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குச் சுமைதான். ஆனால் பத்துப் பேர் சேர்ந்தால்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வரவிருந்த நேரத்தில், 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார்கள். சிறு துளி பெரு வெள்ளம் என்பதை நிரூபித்த சமுதாயம் நாம். தோட்டத்தையே வாங்கிய கைகளுக்கு ஒரு பழைய 15 குதிரைச்சக்தி இயந்திரம் எம்மாத்திரம்? தோட்ட இளைஞர் மன்றம் ஒன்று, ஒரு படகையும் ஓர் இயந்திரத்தையும் பொதுவில் வைத்துக்கொண்டு முறைவைத்துப் பழகலாம். ஒட்டுப்பலகைப் படகு கட்டத் தச்சு வேலை தெரிந்த பெரியவர் தோட்டத்தில் இல்லாமலா போய்விடுவார்?

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளை ஆசைப்பட்டால் உடனே மறுக்காதீர்கள். உடனே படகிலும் ஏற்றாதீர்கள். "முதலில் நீச்சல் கற்றுக்கொள், பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். ஆசை உண்மையானால் அவன் கற்றுக்கொள்வான். அவளும் கற்றுக்கொள்வாள். பொறுமையோடு ஒரு படியைக் கடந்த பிள்ளையை அடுத்த படிக்கு அனுப்புவதில் பயமில்லை. பந்தயப் பணம் கட்டிச் சூதாடுவதையும், குடித்துவிட்டுப் படகைத் தொடுவதையும் மட்டும் எந்தக் காலத்திலும் அனுமதிக்கக்கூடாது.

இளைஞர்களே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இயந்திரத்தைப் பிடித்து ஏறி இறங்கிப் பழகிய உங்கள் கைகளுக்கு வலுவும் நிதானமும் இருக்கின்றன. தண்ணீரைப் பற்றிய அறிவையும் ஒழுங்கையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு நீச்சல், அடுத்த ஆண்டு பட்டறை, அதற்கடுத்த ஆண்டு கரையில் கொடி பிடிக்கும் வேலை என்று திட்டமிட்டால், சில ஆண்டுகளில் தொடக்கக் கோட்டை நோக்கி வரும் படகுகளில் ஒன்றை ஓட்டுவது உங்களில் ஒருவராக இருக்கலாம்.